திட்டாத சம்பந்தி

— அமிர்தவள்ளி ஆன்ட்டி, சம்பந்தியம்மா தட்டை நகர்த்தி வெச்சுட்டாங்க. ஒரு வாய்கூட சாப்பிடல.

— இன்னாடி கௌசர் சொல்ற? பன்னீர்ல காரம் ஜாஸ்தியா?

— காரமெல்லாம் கரெக்டு. உங்க மேலதான் வருத்தம்.

— எம்மேலயா? அவங்க லூதியானாலேர்ந்து வந்து எறங்குனதுலேர்ந்து நான் வாயே தெறக்கலியே. மாதனூர்லேர்ந்து வந்த நம்ம பொம்பளைங்க அத்தினி பேரையும் மாப்பிள்ளை வீட்டு முன்னாடி கம்முனு நிக்கச் சொல்லியிருக்கேன். அவங்க டோல் மேளம் அடிச்சிக்கினு ஆடிக்கினே வந்தாங்க. நம்மளுதுங்க கையக் கட்டிக்கினு நின்னுச்சுங்க. இதுக்கு மேல இன்னா மரியாதை குடுக்கறது?

— அதான் தப்பாப் போச்சு. பஞ்சாப்ல மாப்பிள்ளை வீட்டாளுங்க சாப்பிட உக்காந்தா, பொண்ணு வீட்டுப் பொம்பளைங்க சுத்தி நின்னு பாட்டாலயே திட்டணுமாம். மாமன், சித்தப்பன், ஒருத்தரையும் விடக்கூடாதாம்.

— சோத்தையும் போட்டுட்டுத் திட்டறதா? உனக்கு இந்தி சரியா வெளங்குச்சா?

— நல்லா வெளங்குச்சு. திட்டுனாதான் சொந்தமாம். திட்டலைன்னா பொண்ணு வீட்டுக்கு இஷ்டமில்லைன்னு அர்த்தமாம். "மனசில்லாம குடுக்கற பொண்ணு வந்து அழ வேணாம், நாளைக்கு முகூர்த்தத்தை நிறுத்திடலாம்"னு மாப்பிள்ளையோட அப்பாகிட்ட சொல்லிட்டிருக்காங்க.

— அடிப்பாவி. நிஷாவுக்குத் தெரியுமா?

— மேக்கப் ரூம்ல இருக்கா. இன்னும் தெரியாது.

— அவதான்டி ஒரு மாசமா என் கால்ல விழாத கொறை. கம்பெனிக்கு மெஷின் ரிப்பேருக்கு வந்த பையனைப் புடிச்சிக்கினா, நானும் சரின்னுட்டேன். "உன் வாயால மட்டும் இத கெடுத்துடாதம்மா"ன்னா. இப்ப நான் ஒண்ணு பாடி, அது அசிங்கமாப் போய்ட்டா?

— பாடலைன்னா கல்யாணமே இல்ல. கம்பெனி பஸ்ல டிரைவரைத் திட்டுவீங்களே, அதுல பாதி போதும். கொஞ்சம் ராகம் போட்டு.

— யாரைத் திட்றது?

— அதோ, ஜன்னலோரம் பெரிய தொப்பை. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்.

— முருகா, நீதான் காப்பாத்தணும்... "ரயிலேறி வந்தாரே மாப்பிள்ளைக்கு மாமா, தொப்பைக்குத் தனி சீட்டு எடுத்தாரா, ஆமா?"

— நான் இந்தில சொன்னேன், விழுந்து விழுந்து சிரிக்கறாரு. டோல்காரர் தாளம் புடிச்சிட்டாரு. விடாதீங்க, பக்கத்துல சித்தப்பா.

— "முறுக்கிவிட்ட மீசையிலே மோரு சொட்டுது பாரு, தொடைச்சுவிடப் பொண்டாட்டி மறந்துட்டாளா, கூறு!"

— மாதனூர்க்காரிங்க எல்லாம் சேர்ந்துக்கிட்டாங்க. இவ்ளோ நேரம் அடக்கி வெச்ச வாய் இல்ல?

— அதுங்கள வுடு. சம்பந்தியம்மா இன்னா பண்றாங்க?

— ரொட்டியைப் பிச்சுட்டாங்க. சாப்பிடறாங்க ஆன்ட்டி.

— அப்பாடா. உசுரு வந்துச்சு. இத்தோட நிறுத்திக்கறேன்.

— நிறுத்தாதீங்க. உங்களைத்தான் கை காட்டிக் கூப்பிடறாங்க.

— கண்ணு கலங்கியிருக்கேடி. ஓவராப் போய்ட்டேனா? கிட்ட போய்க் கேளு, இன்னா சொல்றாங்க?

— அவங்களும் காதலிச்சுதான் கட்டிக்கிட்டாங்களாம். "என் கல்யாணத்துக்கு எங்கம்மா வீட்லேர்ந்து ஒருத்தரும் வரல. என் புருஷனை இதுவரைக்கும் யாரும் திட்டல. நீ எனக்கு அக்காவா நின்னு, இவரை நல்லா திட்டு"ங்கறாங்க.