மருமகனின் ஈரல்

ஹுஸ்னியா: "ஈரல்லயும் கொழுப்புப் புடிக்குமா புள்ள?" எண்டு உம்மா அண்டைக்குக் கேட்டாவே... இண்டைக்கு என்ன கேக்கப் போறாவோ.

றிம்சான்: என்ன கேட்டாலும் நான் கதைக்கிறன். நீ சிரிச்சுக் காட்டிக் குடுத்திராத.

ஹுஸ்னியா: நானா சிரிக்கிற? நீங்கதான்... ஸ்ஸ், வாறா.

கைருன்னிஸா: மகன், வந்திட்டீங்களா? காலையில குடுத்த ரத்தத்துக்கு றிப்போட் என்னவாம்?

றிம்சான்: அல்ஹம்துலில்லாஹ் மாமி. எஸ்ஜிபிடி தொண்ணூறு இரிந்திச்சே, இப்ப நாப்பத்தி ரெண்டு.

கைருன்னிஸா: அது கூடினா நல்லமா, குறைஞ்சா நல்லமா?

றிம்சான்: குறையணும். ஈரல் நொந்தா ரத்தத்துல அது கூடுமாம்.

கைருன்னிஸா: ஸ்கேன்ல ரெண்டாம் கிரேட் எண்டாங்களே?

ஹுஸ்னியா: ஸ்கேன் கொழுப்பத்தான் காட்டுமாம் உம்மா. ஈரல் தழும்பாகிட்டா எண்டு, ரத்தத்துல உள்ள பிளேட்லட் எண்ணிக்கையையும் வயசையும் சேத்துக் கணக்குப் பாத்தாரு டொக்டர். இன்னும் அப்பிடி இல்லையாம். சாப்பாட்ட இப்பிடியே கவனிக்கட்டாம். விட்டாத்தான்...

கைருன்னிஸா: விட்டா?

றிம்சான்: விட்டா ஈரல் கல்லாப் போயிரும் மாமி.

கைருன்னிஸா: யா அல்லாஹ்! விடுவனா? மூணு மாசமா இந்த ஊட்டுல புறியாணி மணந்திச்சா? சிவப்பரிசிச் சோறு, கீர, அவிச்ச மீன்... ஆனா மகன், ஒரு சந்தேகம்.

றிம்சான்: செல்லுங்க மாமி.

கைருன்னிஸா: உங்கட வயிறு மட்டும் அப்பிடியே இரிக்கே?

ஹுஸ்னியா: க்ஹம்... தொண்ட கட்டிட்டு.

றிம்சான்: அது... உள்ளுக்குத்தான் முதல்ல குறையுமாம்.

கைருன்னிஸா: பஸாருல கொத்து ரொட்டிக் கடையில உங்களக் கண்டதா பக்கத்து ஊட்டு அக்ரம் செல்றானே?

றிம்சான்: ஆ... அது... ஒரு கூட்டாளிக்குத் துணைக்குப் போன.

கைருன்னிஸா: துணைக்கு! சரி, இண்டைக்குத் தேங்காப்பாலும் கருப்பட்டியும் போட்டு வட்டிலப்பம் அவிச்சிரிக்கன். உங்களுக்கில்ல. ஹுஸ்னி, நீ தின்னு. ஈர்க்கில் மாதிரி மெலிஞ்சு போய்... அவருக்கு நோய் எண்டா நீ ஏன் வாயக் கட்டுற? கைய நீட்டு.

றிம்சான்: வேணா மாமி! அவவுக்கும்...

கைருன்னிஸா: பொறுங்க. இதென்ன புள்ள, கையில பஞ்சும் பிளாஸ்டரும்?

ஹுஸ்னியா: கைய விடுங்க உம்மா.

கைருன்னிஸா: மகன், உங்கட கையக் காட்டுங்க.

றிம்சான்: மாமி, நான்...

கைருன்னிஸா: ரெண்டு கையிலயும் ஒண்டுமில்ல. அப்ப... நோவு யாருட ஈரல்ல?

ஹுஸ்னியா: என்ட ஈரல்ல உம்மா. மெலிஞ்ச ஆக்களுக்கும் வருமாம்.

கைருன்னிஸா: பெத்தவக்கிட்டயா புள்ள ஒளிச்ச?

ஹுஸ்னியா: முதல் றிப்போட்டு வந்த அண்டு, எண்ணெயக் குறைங்க எண்டு கேட்டனே உம்மா. "மாப்புள இரிக்கிற ஊட்டுல கீரையா வைக்கிற? ஊரு என்ன செல்லும்?" எண்டீங்க. அண்டு ராவு இவர்தான், "நோவ என்ட பேருல போடு" எண்டாரு. மருமகனுக்கெண்டா நீங்க குசினிச் சமையலையே மாத்துவீங்க. மகளுக்கெண்டா...

றிம்சான்: போதும் புள்ள... மாமி, இரிங்க. மாமி?

ஹுஸ்னியா: வட்டிலப்பச் சட்டியத் தூக்கிட்டு எங்க போறீங்க? ஒரு சொல்லாவது செல்லிட்டுப் போங்களன் உம்மா!

கைருன்னிஸா: பக்கத்து ஊட்டுக்குக் குடுக்க; இனி இந்த ஊட்டுல உனக்காகத்தான் புள்ள கீர வேகும்.