வேலுத்தாயின் கோப்பில் ஒரு திருத்தம்

தலைமையேற்றிருக்கும் மேலாளர் திரு. கண்ணுச்சாமி அவர்களே, மலையிலிருந்து ஜீப்பேறி வந்திருக்கும் ஏலக்காய் விவசாயிகளே, போடி வியாபாரிகளே, உடன் பணியாற்றும் தோழியரே, வணக்கம்.

நம் ஏல மையத்தின் கணினிப் பொறுப்பாளர், சிலமலை தந்த செல்வர் தங்கபாண்டியன் மறைந்துவிட்டார். நாற்பத்தொரு வயது! அது போகும் வயதா?

என் கணவர் இறந்தபின் இங்கே சரிபார்ப்பாளராகச் சேர்ந்தவள் நான். கான்வென்ட்டில் படித்தவள்; பிறர் பிழையைப் பொறுக்கமாட்டேன். என் பிழையை என்னிடமே சொன்ன ஒரே மனிதர் தங்கபாண்டியன்.

எண்பத்தேழாம் ஆண்டின் பறிப்புக் காலம் நினைவிருக்கிறதா? புதுக் கணினி, நான்கு திரைகள். மூட்டைகளின் எடையெல்லாம் பதினோரு மணிக்குள் பதிவானால்தான் ஏலம் தொடங்கும். ஆனால் பத்தரை ஆனதும் பதிவு நகராது. ஒரு மூட்டைக்கு ஐந்து நிமிடம்! பதிபவள் ராசிங்காபுரத்து வேலுத்தாய். பழி வேறு யார்மேல் விழும்?

"வெரசா அடிக்கத் தெரியலைன்னா வேற சோலி பாக்கச் சொல்லுங்க" என்றார் மேலாளர். மன்னியுங்கள் ஐயா, சொன்னீர்கள்.

தங்கபாண்டியன் மூன்று நாள் காலையில் கணினியின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"ஆத்தா வேலுத்தாயி, நீ வெரசாத்தான் அடிக்கிற. பெட்டி வேலை செஞ்சா வெளக்கு மினுக்கணும்ல? மினுக்கலையே! யாருக்கோ காத்துக்கிட்டு நிக்குது."

"யாருக்குண்ணே? என் சீட்டைக் கிழிக்கவா?"

யாருக்கு? எனக்கு! எடைப் பட்டியலைத் திருத்துவதற்காக என் திரையில் திறந்துவைத்துவிட்டு, காகிதத்தோடு மூன்று முறை ஒப்பிடுவேன். நான் முடிக்கும்வரை கணினி அந்தப் பட்டியலைப் பூட்டிவைக்கும். வேறு எவரும் அதில் ஒரு வரி சேர்க்க முடியாது.

"சரிபார்ப்பது குற்றமா?" என்று சீறினேன்.

"இல்லக்கா. மொதல்ல காயிதத்துல பாருங்க. பெறவு தொறங்க, திருத்துங்க, ஒடனே மூடுங்க. அம்புட்டுத்தான்."

மறுநாள் பத்தே முக்காலுக்குப் பதிவு முடிந்தது!

ஒரு திரை திறந்தே கிடந்ததுதான் காரணம் என்று அலுவலகம் அறிந்தது. அது வேலுத்தாயின் திரை என்று எண்ணி, அவள் கோப்பில் 'கவனக்குறைவு' என்று எழுதினார்கள். "அவ திரை இல்லைங்கய்யா" என்றார் தங்கபாண்டியன். யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை. "நான் சொன்னா அது கோளு. நீங்களே சொல்லிருங்கக்கா" என்றார் என்னிடம். நாளை என்றேன்.

இரண்டு கிறிஸ்துமஸ்கள் போயின. இரண்டுக்கும் என் வீட்டுக்கு வந்து, கேக்கை வாயில் போட்டுக்கொண்டே, "சொல்லிட்டீகளாக்கா?" என்று சிரித்தார். அந்தக் குறிப்பால் வேலுத்தாய் இன்னும் நிரந்தரமாகவில்லை. இனி யார் வந்து கேட்பார்?

அவர் பணியை எப்படித் தொடர்வோம்? ஒரு கை மெதுவாக இருந்தால், பழிப்பதற்குமுன் அது எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்ப்போம். இந்த உறுதியை நானே முதலில் நிறைவேற்றுகிறேன்.

மேலாளர் அவர்களே, அந்தக் கோப்பை நாளை காலை எடுத்து வையுங்கள். வேலுத்தாய் பெயரை அடித்துவிட்டு, ஞானபாக்கியம் என்று நானே எழுதிக் கையெழுத்திடுகிறேன். மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். ஒரு முறையே போதுமாயிருந்தது, தம்பி.