கிராசிங்குக்கு ஒரு சாண் முன்னாடி

– மறுபடியும் நின்னுடுச்சு மாமா! அதே இடம். லெவல் கிராசிங்குக்கு ஒரு சாண் முன்னாடி. சொல்லி வச்ச மாதிரி வந்து நிக்குது.

– சரி, பாப்போம் மாப்ள. பின்னாடி தள்ளிட்டு இன்னொரு தடவை விடு.

– எத்தனை தடவை? நான் என்ன சொல்றேன்னா, வீடு வீடா ஒயரிங் பண்றவன் நான். மூணு மாடிக் கட்டடத்துக்கே லைன் இழுத்திருக்கேன். இந்தப் பலகைக்குக் கீழ மல்லாந்து படுத்து, விரல் நீள எஞ்சினுக்காக மூணாவது ஞாயித்துக்கிழமையும் போச்சு. என் பொண்டாட்டி என்னைத் தேடறதையே விட்டுட்டா.

– டேய் தம்பி, வாய் வேலை செய்யற அளவுக்குக் கை வேலை செய்யுதா? இன்னைக்கு இது ஓடியாகணும். நாளைக்குக் காலைல உங்க மாமா டியூட்டில சேரணும்.

– நான் என்ன வேணும்னேவா அக்கா நிறுத்தி வச்சிருக்கேன்? மாமாதானே வாயை விட்டாரு? இந்த ஸ்டேஷன்ல கிளம்பற வண்டி நிக்காம அந்த ஸ்டேஷன் போய்ச் சேரட்டும், மறுநாளே எஞ்சின்ல ஏறறேன்னு. நிஜ ரயில் ஓட்டறவரு, போயும் போயும் ஒரு பொம்மைகிட்டயா உத்தரவு கேப்பாரு?

– பொம்மைன்னு சொல்லாத மாப்ள. மாடல்.

– சரிங்க, மாடல். மாடல் ஓட மாட்டேங்குது, நீங்க மரம் நட்டுக்கிட்டு இருக்கீங்க!

– மரம் இல்ல, புல்லு. மரத்தூளைச் சலிச்சு, பச்சைச் சாயத்துல ஊற வச்சுக் காய வச்சது. அந்த ஃபேனை நிறுத்து, பறக்குது.

– இங்க நான் புழுங்கிச் சாகறேன், ஃபேனை நிறுத்தணுமாம்!

– ஆமாங்க, புல்லுதான் இப்ப முக்கியம். நாலு மாசமா லீவு. ஆபீஸ்லேருந்து போன் மேல போன். உங்க அண்ணன் கேக்கறாரு, எதிர்வீட்டம்மா கேக்கறாங்க. எப்ப சேர்றாரு, எப்ப சேர்றாருன்னு. பதில் சொல்லி எனக்கு நாக்கு வறண்டு போச்சு.

– நான் என்ன சொல்றேன்னா, வெறும் பலகையில தண்டவாளம் போட்டப்ப ஜம்முனு ஓடுச்சா இல்லையா? ஓடுச்சு. என்னைக்கு மாமா ஜல்லி ஒட்டறேன்னு பசையைத் தண்ணில கரைச்சு சொட்டுச் சொட்டா ஊத்தினாரோ, அன்னைக்குப் படுத்துடுச்சு.

– தண்டவாளத்து மேல ஒரு சொட்டு விழல. ஸ்பிரிட் போட்டு நானே துடைச்சேன்.

– அப்ப அந்தக் கடைசி ஸ்டேஷனுக்கும் தனியா ரெண்டு ஒயர் குடுத்துடறேன். ரெண்டு முனையிலேருந்தும் கரண்ட் வந்தா, நடுவுல எது கெட்டாலும் தாண்டிடும். ஒரே ஒரு ஓட்டைதான் போடணும்.

– வேண்டாம். அங்க வயல் எல்லாம் ஒட்டியாச்சு.

– பாருக்கா! டிரில்லை எடுத்தா வயலுங்கறாரு, ஸ்க்ரூவைத் தொட்டா குளம்ங்கறாரு. மனுஷன் எப்படித்தான் வேலை பாக்கறது?

– என்னங்க, அவன் சொல்றபடிதான் விடுங்களேன்.

– வேண்டாம்னா வேண்டாம்மா.

– சரி. இன்னைக்கு மீட்டராவது கொண்டு வந்தேனே. என் டெஸ்டர் வீட்டு லைனுக்குத்தான் எரியும், இந்தப் பன்னெண்டு வோல்ட்டுக்கெல்லாம் கண்ணே திறக்காது. இங்க இருக்கு... பாலத்து மேல இருக்கு... அக்கா, டார்ச்சைக் கொஞ்சம் பிடி. எங்கயோ காட்டறியே, கிராசிங் பக்கம் காட்டு.

– காட்டிக்கிட்டுதான் இருக்கேன். சீக்கிரம் பாரு.

– மாமா, ஒண்ணு கேக்கலாமா? அன்னைக்கு நடந்ததும் இதே மாதிரி கிராசிங்லதானே?

– டேய்!

– கேக்கட்டும்மா. ஆமா மாப்ள. வளைவு தாண்டினதும் பாத்தேன். பைக் சக்கரம் தண்டவாளத்துல மாட்டியிருக்கு. போட்டுட்டு ஓட வேண்டியதுதானே? இழுத்துக்கிட்டு நிக்கறான். விடாம ஹார்ன் அடிச்சேன். எமர்ஜென்சி பிரேக் போட்டேன். அது என்ன சைக்கிளா, போட்ட இடத்துல நிக்க? அவனைத் தாண்டி ஏழு பெட்டி போய்த்தான் நின்னுச்சு.

– உங்க மேல தப்பு இல்லன்னு விசாரணையில எழுதியே குடுத்துட்டாங்களே.

– குடுத்துட்டாங்க.

– அப்புறம் என்ன மாமா?

– கடைசி நிமிஷத்துல அவன் பைக்கைப் பாக்கல மாப்ள. என்னைப் பாத்தான்.

– போதும்டா. வேலையைப் பாரு.

– பாக்கறேன்க்கா. இங்க இருக்கு... இங்க இருக்கு... இல்ல! ஒரு விரல் தள்ளினா கரண்ட் செத்துப் போச்சு. இருங்க, இந்த ஜல்லியைக் கொஞ்சம் பேத்துப் பாக்கறேன். அட! மாமா, தண்டவாளம் அறுந்திருக்கு. அறுந்திருக்கா? யாரோ அறுத்திருக்காங்க! சின்ன ரம்பம் போட்டு, இடுக்குல என்னமோ பாலிஷை ஊத்தி அடைச்சு, மேல துருக் கலர் வேற பூசி வச்சிருக்கு. யாரு செஞ்ச வேலை இது?

– நான்தான் மாப்ள.

– நீங்களா? மூணு ஞாயிறு மாமா! முதுகு விட்டுப் போச்சு எனக்கு. கீழ படுத்து ஒவ்வொரு ஒயரா பிடுங்கிப் பிடுங்கி ஈயம் வச்சுக்கிட்டு இருக்கேன், நீங்க மேல நின்னு புல்லு தூவிக்கிட்டே வேடிக்கை பாத்தீங்களா? என்னைப் பாத்தா இளிச்சவாயன் மாதிரி தெரியுதா?

– அவரைத் திட்டாதடா. அவர் பொய் சொல்றாரு. அறுத்தது நான்.

– என்னது?

– நான்தான்டா. அவர் குளிக்கப் போயிருந்தப்ப. அது என் நகப் பாலிஷ்.

– வீட்டுக்குள்ள நுழைஞ்சதுலேருந்து இன்னைக்கே ஓடணும், இன்னைக்கே ஓடணும்னு என் உயிரை எடுத்தது நீதானேக்கா!

– வேற என்ன சொல்லச் சொல்ற? போகாதீங்கன்னு நான் ஒரு வார்த்தை சொன்னா, அதுக்காகவே வீம்புக்குக் கிளம்பிப் போவாரு. ஊரே அவருக்குத் தைரியம் சொல்லுது. பக்கத்துல படுக்கறவ நான். தூக்கத்துல அவர் கை பிரேக்கைத் தேடுது. என் மணிக்கட்டைப் பிடிச்சு இழுக்கறாரு. வலிக்கும், ஆனா எடுக்க மாட்டேன், இழுத்துட்டுப் போகட்டும்னு விட்டுடுவேன். இந்த மனுஷனை எந்த நம்பிக்கையில எஞ்சின்ல ஏத்தி அனுப்புவேன்? எனக்குப் பயமா இருக்குடா.

– மாமா, இதெல்லாம் தெரிஞ்சுதான் பழியை உங்க தலையில போட்டுக்கிட்டீங்களா?

– அவ அறுத்தது எனக்குத் தெரியாது மாப்ள.

– தெரியாதா? பின்ன எதுக்கு... சரி விடுங்க, உங்க ரெண்டு பேர் பாசத்தையும் அப்புறமா ஆற அமர பாத்துக்கலாம். நான் என்ன சொல்றேன்னா, இது ஒரு நிமிஷ வேலை. பாலிஷைச் சுரண்டிட்டு குறுக்க ஒரு சொட்டு ஈயம் வச்சா ஒண்ணாயிடும். வைக்கவாக்கா?

– வை. அவருக்குத் தெரியாம நான் செஞ்சது தப்பு. வண்டி ஓடட்டும். போறதா வேண்டாமான்னு அவரே முடிவு பண்ணட்டும்.

– மாமா? என்ன, குனிஞ்சுக்கிட்டே இருக்கீங்க?

– வை மாப்ள.

– இதோ... ஆச்சு. தடவிப் பாருங்க, துளி மேடு இல்ல. ஸ்விட்சை நீங்களே திருப்புங்க மாமா. கிளம்பிடுச்சு! பாலம் தாண்டிடுச்சு... வளைவு... வாடா என் ராசா, வா, வா... ச்சே! நின்னுடுச்சுக்கா! அதே இடம்! அறுத்ததைத்தான் ஒட்டிட்டேனே!

– சத்தியமா நான் அது ஒண்ணைத்தான்டா அறுத்தேன்.

– அப்புறம் ஏன் நிக்குது?

– நான் பொய் சொல்லல மாப்ள. நீ ஒட்டினது உன் பக்கத் தண்டவாளம், அது அவ அறுத்தது. சுவர்ப் பக்கம் இருக்கறதை நான் அறுத்தேன்.