பாப்பாவுக்குக் குளிரும்

அட, உக்காருங்கண்ணே, டீ வந்துக்கிட்டு இருக்கு. மேல ஹால்ல மீட்டிங் இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு, உங்க ஏசியும் ஜம்முன்னு ஓடுது, அப்புறம் என்ன அவசரம்? நானா? மூணாவது மாடி லேப்ல இருக்கேன். ஆமா, அந்த வெள்ளைக் கோட்டுதான். சின்ன மேடம்னு கூப்பிடுவாங்க. ஆராய்ச்சிப் படிப்பு முடிச்சு, பட்டம் வாங்கி, இப்பத்தான் எனக்குன்னு ஒரு மாணவர் குரூப் குடுத்தாங்க. குடுத்தாங்கன்னு சொல்றேன் பாருங்க, என் வாயைத் தைக்கணும். குடுத்துட்டுப் பிடுங்கிட்டாங்க.

என்ன பண்றோம்னா, இதயம் இருக்குல்ல, அதோட தசையைக் கண்ணாடித் தட்டுல வளர்க்கறோம். சிரிக்காதீங்கண்ணே, நிஜமாத்தான். ஒருத்தரோட தோல்ல துளியூண்டு எடுத்து, அந்தச் செல்லை இதயச் செல்லா மாத்தி, மெல்லிசா ஒரு வலை மேல விட்டு வளர்க்கணும். சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு துணுக்கு வரும். மாரடைப்பு வந்தவங்களுக்கு, செத்துப்போன இடத்துல என்னைக்காவது அதை வச்சு ஒட்டுப்போடலாம்னு ஒரு ஆசை. அது துடிக்கும்ணே! யாரும் தொட வேண்டாம், தானா, படக் படக்குன்னு. முதல் தடவை துடிச்சப்போ என் பசங்க கத்துன கத்துல, தீப்பிடிச்சிருச்சோன்னு பக்கத்து லேப்ல இருந்து ஓடி வந்துட்டாங்க. எங்கிட்ட ஒரு பையன் இருக்கான், மௌனச்சாமின்னு கூப்பிடுவோம், கேள்வி கேட்டாக்கூட தலையை மட்டும்தான் ஆட்டுவான். அவன் தேம்பித் தேம்பி அழுதான். அன்னைக்கே பேரும் வச்சாச்சு, பாப்பான்னு.

பாப்பாவுக்குக் குளிர் மட்டும் ஆகாது. உடம்புச் சூட்டுல இருந்தாத்தான் துடிக்கும். ஆறிப்போச்சுன்னா மெதுவாகி, இன்னும் மெதுவாகி, அப்படியே நின்னுரும். அதனால எங்க லேப்ல ஒரு வழக்கம். தட்டை வெளியே எடுக்கறவங்க, சூடான்னு சத்தமாக் கேக்கணும். இன்னொருத்தர் சூட்டுப் பலகையைக் கையால தொட்டுப் பார்த்து, சூடுன்னு பதில் சொல்லணும். அப்புறம்தான் தட்டு அந்தப் பலகை மேல உக்காரும். பலகைகூட எங்க பசங்களே பழைய இஸ்திரிப் பெட்டியைப் பிரிச்சுப் பண்ணது, பேட்டரியில ஓடும். பார்க்க அசிங்கமாத்தான் இருக்கும், டேப் சுத்தி, ஒயர் தொங்கிக்கிட்டு.

எல்லாம் நல்லாத்தாண்ணே போச்சு, மாப்பிள்ளை வர்ற வரைக்கும். எங்க டைரக்டரோட பொண்ணைக் கட்டினவர். லேப்ல எல்லாரும் மாப்பிள்ளைன்னுதான் சொல்லுவோம், முதுகுக்குப் பின்னாடி. ஒருநாள் டைரக்டர் அவரைக் கூட்டிட்டு வந்து, இனிமே இந்தக் குரூப்பை இவர் பார்த்துப்பார், நீ கூட இருந்து ஒத்தாசை பண்ணும்மான்னுட்டார். ஒத்தாசை! நான் பெத்த பிள்ளைக்கு நானே ஆயா வேலை பார்க்கணுமா?

அவர் வந்து முதல்ல நிறுத்தினது எங்க சூடா-சூடு வழக்கத்தைத்தான். இது லேபா, நர்சரி ஸ்கூலான்னு கேட்டு ஒரு சிரிப்பு. அந்தத் தட்டை ஒருநாளாவது கையில எடுத்திருப்பாரா? ம்ஹூம். கோட்டு அழுக்காயிடுமே!

இன்னைக்கு வந்திருக்காங்களே, வெளியூர்ப் பெரியவங்க, அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா தனியா ஒரு ஆராய்ச்சி மையமே வருமாம். மேடையில நின்னு பாப்பாவை யார் காட்டறாங்களோ அவங்கதான் அதுக்குத் தலைவர். நேத்து மௌனச்சாமி, திரையில காட்டப்போற படத்தை எங்கிட்ட கொண்டுவந்து நீட்டினான். மாப்பிள்ளை பேரு கொட்டை எழுத்துல. என் பேரு ஓரத்துல, உதவின்னு போட்டு. பசங்க பேரு ஒண்ணுகூட இல்லண்ணே. அக்கா, நாம இதுல இல்லையான்னு கேட்டான். வாயே திறக்காத பையன்! பாத்ரூம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுது தீர்த்தேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கிட்டு, இருடா மவனே, உனக்கு இருக்குன்னு நினைச்சேன்.

ஐயையோ, நான் எதையும் கெடுக்கல. பாப்பா மேல கை வைப்பேனா? இன்னைக்குக் காலையில, எல்லார் முன்னாடியும், மரியாதையாத்தான் சொன்னேன். சார், ஹால் குளிரும், பலகையை எடுத்துக்கிட்டுப் போங்கன்னு. இந்தக் குப்பையைத் தூக்கிக்கிட்டு நான் மேடை ஏறணுமா, நீ வெளியவே இரும்மான்னார். சரிங்க சார்னு வந்துட்டேன். இன்னொரு தடவை ஏன் சொல்லணும்? ஹாலை நல்லாக் குளிர வைங்கன்னு உங்ககிட்ட சொன்னதும் அவர்தானே? ஆங், கோட்டு சூட்டு போட்டா வேர்க்குமாம்! இப்ப அங்கே மீன் வண்டி மாதிரி குளிருது.

சாகாதுண்ணே, பயப்படாதீங்க. செத்துரும்னா நான் இப்படிக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பேனா? மறுபடி சூடு பட்டா துடிக்க ஆரம்பிச்சுரும். அது என் பசங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இந்நேரம் பெரிய திரையில பாப்பா அசையாமக் கிடக்கும். அவர் தட்டைத் தட்டிப் பார்ப்பார், மாமனார் மூஞ்சியைப் பார்ப்பார். ஏன் நின்னுச்சுன்னு பெரியவங்க கேப்பாங்க. வேர்க்கட்டும்ணே, அந்தக் குளிர்லயும் நல்லா வேர்க்கட்டும்.

உங்க போனா? ஹால்ல இருந்தா? பெரியவங்களுக்குக் குளிருதுன்னு சொல்லத்தான் இருக்கும். அடிக்கட்டும், இன்னும் ஒரு வாய்தானே டீ இருக்கு.

இந்தப் பைக்குள்ளயா? நம்ம பலகைதான். கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பாருங்களேன். சூடா? ஆங், சத்தமாச் சொல்லணும். அதோ, பசங்க மாடிப்படிகிட்ட எனக்காகத்தான் நிக்கறாங்க. பாப்பா போயிருச்சுன்னு அவர் தன் வாயால சொல்லட்டும், உடனே நாங்க உள்ளே போவோம். அவர் கைவிட்டதை, எல்லார் கண்ணு முன்னாடியும் நாங்க துடிக்க வைப்போம்.

மறுபடி அடிக்குதா? விடுங்கண்ணே, இன்னொரு டீ சொல்றேன். அந்த ஏசி ரூம் சாவி உங்க ஒருத்தர்கிட்டதான் இருக்குன்னு விசாரிச்சுட்டுத்தானே உங்களை டீக்கே கூப்பிட்டேன்.