ஆளில்லாமல் நாலடி

ஆள் ஏறாத, சாவி போடாத, எஞ்சின் ஓடாத ஒரு காரை, இரண்டு தெரு தள்ளி என் வீட்டுச் சமையலறையில் நின்று தேநீர் ஆற்றிக்கொண்டே ஓட்டியவன் நான். வேறொருவன் இதைச் செய்ததாகக் கேள்விப்பட்டால் சொல்லுங்கள், அவன் காலில் விழுகிறேன். நாற்பது அடி ஓட்டினேன் என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். விசாரணை அதிகாரி என் முகத்தையே பார்த்தார். நாலடி என்று திருத்திவிட்டேன். வாக்குமூலத்தில் மிகைப்படுத்தக் கூடாதாம்.

கார் என் சகலையுடையது. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் அடுத்தவன் எடைக்கல்லைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவருக்கு, ஓய்வுக்குப் பிறகு சந்தேகப்பட நான் ஒருவன்தான் மிச்சம்.

நான் பஸ் பணிமனையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். ஒருநாள் ஒரு பஸ்ஸின் எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் நிற்காமல் சிக்கிக்கொண்டு, டிரைவரும் இல்லாமல் எஞ்சினும் ஓடாமல், அந்த மோட்டாரின் பலத்திலேயே பஸ் நகர்ந்து வாசல்வரை போய் நின்றது. என் கண்ணால் பார்த்தேன். வாசற்காவலர் சல்யூட் அடித்தார் என்பதை மட்டும் நான் பிற்பாடு சேர்த்தேன். அதில் என்ன குடிமுழுகிப் போயிற்று?

என் பேத்தியின் பிறந்தநாளன்று, இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இதைச் சொன்னேன். சகலை கரண்டியைக் கீழே வைத்தார்.

"எஞ்சின் ஓடாம பஸ் போச்சு. அப்புறம் என்ன சகலை, அதுவே டிக்கெட்டும் கிழிச்சுச்சா?"

இருபது பேரும் சிரித்தார்கள். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து பேத்திக்கு நான் வெறும் தாத்தா இல்லை, புளுகுத் தாத்தா. குழந்தைதானே, போகட்டும். ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்கு அந்தப் பட்டத்தை யார் சொல்லிக் கொடுத்தது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

இப்போது கார். ஐம்பது வருஷப் பழசு. சகலை அதைத் துடைக்கும் அழகைப் பார்த்தால், தன் மனைவியை ஒருநாளாவது இப்படிப் பார்த்திருப்பாரா என்று தோன்றும். அதன் ஸ்டார்ட்டர் கிழவனைப் போல் முக்கிக்கொண்டிருந்ததால், எங்கிருந்தோ புது மாடல் மோட்டார் ஒன்றை வரவழைத்திருந்தார். பழையதில் பாதி அளவு, மூன்று மடங்கு பலம். என்னைப் புளுகன் என்று ஊரெல்லாம் சொன்னவர், அதைப் பொருத்த என்னைத்தான் கூப்பிட்டார். வெட்கம் என்பதைச் சிலருக்கு ஆண்டவன் வைத்தே அனுப்புவதில்லை.

அதிகாரிக்குப் புரிவதற்காக எழுதுகிறேன். சொலினாய்டு என்பது பேட்டரியின் முழு மின்சாரத்தையும் மோட்டாருக்குத் திறந்துவிடும் ஒரு டப்பா. பழைய காரில் அது பானெட்டுக்குள்ளே தனியாக இருக்கும். அதன் அடியில் ஒரு ரப்பர் பட்டன். சாவியே வேண்டாம், பட்டனை அமுக்கினால் மோட்டார் சுற்றும். புது மோட்டாரின் முதுகிலேயே அதற்கென்று ஒரு சொலினாய்டு உண்டு. ஆகவே தடித்த கேபிளை நேராக மோட்டாருக்குக் கொடுத்துவிட்டு, பழைய டப்பாவிலிருந்து மெல்லிய வயர் ஒன்றைப் புது சொலினாய்டுக்கு இழுக்க வேண்டும். பட்டனை அமுக்கினால் உத்தரவு போகும், விரலை எடுத்தால் உத்தரவு நிற்கும், மோட்டாரும் நிற்கும். அப்படித்தான் செய்தேன். ஒவ்வொரு முனையையும் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். இந்த வேலையில் குறை காண இன்னொருவன் பிறந்து வர வேண்டும்.

சகலை பட்டனை அமுக்கிப் பார்த்தார். மோட்டார் சீறியது.

"பரவால்லையே சகலை, கையில விஷயம் இருக்கு. வாயிலதான் கோளாறு" என்றார். சொல்லிவிட்டு எனக்குத் தேநீர் கொண்டுவர உள்ளே போனார்.

அவர் வருவதற்குள் ஒரு சாண் சிவப்பு வயரை எடுத்து, மோட்டாருக்கு மின்சாரம் போகும் முனையிலிருந்து உத்தரவு வாங்கும் முனைக்கு ஒரு இணைப்புக் கொடுத்தேன். அதாவது, ஒருமுறை சுற்றத் தொடங்கினால் மோட்டார் தனக்குத் தானே உத்தரவு கொடுத்துக்கொள்ளும். விரலை எடுத்தாலும் நிற்காது. பேட்டரியைக் கழற்றினால்தான் நிற்கும்.

சகலைக்கு ஒரு பழக்கம் உண்டு. தினமும் காலையில் பானெட்டைத் திறந்து, காருக்கு முன்னால் நின்று குனிந்து அந்தப் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்குவார். எஞ்சினுக்குள் ஆயில் மேலே ஏற வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் சுற்றிப் போய் உட்கார்ந்து சாவியைப் போடுவார். காரை எப்போதும் நியூட்ரலில்தான் விடுவார். ஷெட்டின் தரை வாசல் பக்கம் சரிவு என்பதால் பின்சக்கரங்களுக்குப் பின்னால் இரண்டு செங்கல். முன்னால் ஒன்றும் கிடையாது. கார் தானாக மேட்டில் ஏறாது என்பது அவருடைய கணக்கு. கியரைப் பார்க்கும் வழக்கம் அவருக்கில்லை. தராசைத் தவிர எதையும் சோதித்துப் பழகாதவர்.

கியரை முதலாவதில் போட்டது நான்தான்; கியரில் இருந்தால் ஸ்டார்ட்டர் சுற்றும்போது சக்கரமும் சேர்ந்து சுற்றும். அதுவும் அந்தத் தேநீர் வருவதற்குள். அதற்குப் பிறகு டேப்பை எடுத்து, காரின் பம்பருக்கும் சுவரோரம் கிடந்த இரும்பு மேசைக்கும் நடுவே அளந்தேன். சரியாக நாலடி. அவர் நிற்கும் இடம். எதற்காக அளந்தேன் என்று அதிகாரி மூன்று தடவை கேட்டார். எந்த வேலையானாலும் அளந்து செய்வது என் பழக்கம், வேறொன்றும் இல்லை. கார் நகர்ந்ததும் அவர் விலகிக்கொள்வார் என்றே நினைத்தேன். முதலாவது கியரில் வண்டிக்கு ஆள் நடக்கும் வேகம்தான் வரும். எழுபது வயதில் அவ்வளவு மெதுவாக நகர்ந்தது அவர் தப்பு.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஸ்டார்ட்டரின் சத்தம் என் சமையலறைவரை கேட்டது. கேட்டிருக்க முடியாது என்கிறார்கள். கேட்டது. கொழுந்தியாள் போனில் கதறினாள்.

"அத்தான், ஓடி வாங்க, வண்டி அவரை நசுக்குது, நிக்கவே மாட்டேங்குது!"

தேநீரைக் குடித்துவிட்டுப் புறப்பட்டேன். ஆறிப்போனால் வாயில் வைக்க முடியாது. மூட்டு வலி இருப்பதால் ஓடவில்லை, நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது அக்கம்பக்கத்து ஆண்கள் நாலு பேர் காரைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார் புகைந்துகொண்டே இன்னும் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. பேட்டரியைக் கழற்ற வேண்டும் என்கிற அறிவு ஒருவனுக்கும் இல்லை. கழற்றினேன். எல்லாரும் சகலையைத் தூக்கும் நேரத்தில் சிவப்பு வயரையும் வெட்டிப் பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு என்னைக் கடவுள் மாதிரி பார்த்தார்கள்.

மருத்துவமனையில் அவருடைய வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இடதில் கம்பி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு ஆத்திரம் வந்தது அதற்குப் பிறகுதான். நினைவு திரும்பியதும் அதிகாரி கேட்டதற்குச் சகலை சொல்கிறார், ஹேண்ட்பிரேக் நழுவிவிட்டதாம். ஹேண்ட்பிரேக் நழுவி ஒரு கார் மேட்டில் ஏறுமா? அதை எழுதிக்கொண்டு போய்க் கோப்பையும் மூடிவிட்டார்கள். ஒரு கால் போயும் அந்த மனிதருக்கு அகங்காரம் போகவில்லை. ஸ்டார்ட்டர் ஒரு வண்டியை இழுக்கும் என்று ஒப்புக்கொண்டால் என் பஸ் கதையும் உண்மையாகிவிடும் அல்லவா?

பதினோரு நாள் பழங்களோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொறுமையாகக் கேட்டேன். "யோசிச்சுப் பாருங்க சகலை, எஞ்சின் ஓடுச்சா?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஹேண்ட்பிரேக் சகலை, விடுங்க" என்பார். பன்னிரண்டாம் நாள் சிவப்பு வயரை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு நானே வந்தேன்.

இங்கேயும் சிரித்தார்கள். "பெரியவரே, உங்களைப் பத்தி ஏற்கெனவே கேள்விப்பட்டோம். வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்றார் அதிகாரி. கொலை முயற்சியை ஒப்புக்கொள்ள வந்தவனை ரெஸ்ட் எடுக்கச் சொல்லும் நிர்வாகம். கடைசியில் என் தொல்லை தாங்காமல், அடிபட்டவர் வாயால் சொன்னால் எழுதிக்கொள்கிறேன் என்று இன்று காலை என்னை ஜீப்பில் ஏற்றி வார்டுக்கு அழைத்துப் போனார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் என் மனைவியும் கொழுந்தியாளும் இருந்தார்கள். வயரைப் போர்வையின் மேல் வைத்து, கியர், டேப், நாலடி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கொழுந்தியாள் அவளைத் தூக்கவில்லை. சகலை வயரைத் தொடக்கூட இல்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது. தோற்றுப்போகிறவர்களின் முகம் அப்படித்தான் ஆகும்.

"இப்பவாவது சொல்லுங்க சகலை" என்றேன்.

அவர் என் மனைவியைப் பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்தார்.

"விரலை எடுத்தேன் சார், மோட்டார் நிக்கல. அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு, இது யார் வேலைன்னு. இந்த அக்கா நடுத்தெருவுல நிக்கக் கூடாதேன்னுதான் ஹேண்ட்பிரேக்னு சொன்னேன். இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது, எழுதிக்கோங்க. எஞ்சின் ஓடல. உள்ளே யாரும் இல்ல. வண்டி தானா வந்துச்சு."