ஏரி வண்டல்

டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், சார். காவியா எனக்குப் போடுகிற அளவிலேயே எல்லோருக்கும் போட்டுவிடுவாள்.

வேளாண்மை ஆபீசிலிருந்து உங்களை வரச் சொன்னது அவள்தான். மண் பரிசோதனைக்கென்று மேல்காட்டில் குழி தோண்ட வேண்டாம். அவரைக்கு வேரழுகல் எப்படி வந்தது என்று நானே சொல்கிறேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அவள் வருவதற்குள் முடித்துவிடலாம்.

பெங்களூரில் புருஷன் வேறு குடும்பம் வைத்துக்கொண்டதும் மகள் காவியா என்னிடம் வந்துவிட்டாள். அவள் அம்மா போன பிறகு இந்த வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது அப்போதுதான். மனதைத் தேற்றிக்கொள்ளட்டும் என்று மேல்காட்டைக் கொடுத்தேன். செடி அவரை போட்டாள். பூ பிடித்ததும் சொன்னாள்:

"இந்த அறுப்பு நல்லா வந்துட்டா தருமபுரியில தையல் கடை வெச்சுக்கறேன்ப்பா. எத்தினி நாளைக்கு உங்களுக்குப் பாரமா இருக்கறது?"

பாரம் என்று நான் எப்போது சொன்னேன்? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

முன்பு என் கீழ்க்காட்டில் இதே நோய் வந்தபோது நீங்கள்தான் பார்த்தீர்கள். பூஞ்சை மண்ணிலேயே தங்கும், அதில் ஒரு பிடிகூட மேல்காட்டுக்குப் போகக் கூடாது, மண்வெட்டியைக்கூடக் கழுவ வேண்டும் என்றீர்கள். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அந்த மண்ணைக் கூடை கூடையாகக் கொண்டுபோனேன்.

"ஏதுப்பா இவ்ளோ மண்ணு?"

"ஏரி வண்டல், கண்ணு. செடிக்கு ஊட்டம்."

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா கஷ்டம்?" என்று கூடையை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு செடிக்கும் தன் கையாலேயே மண் அணைத்தாள். நான் தண்ணீரைத் தேங்கவிட்டேன்.

இலை மஞ்சளாகிச் செடிகள் சாய்ந்தன. பிடுங்கினால் வேரின் தோல் உரிந்து கையில் ஒட்டியது. அவள் வரப்பில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், அது பொய்யில்லை. "நீங்க இல்லன்னா நான் என்னாயிருப்பேன்ப்பா" என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

இப்போது கடைப் பேச்சு இல்லை. பொதுவாகவே பேச்சு குறைந்துவிட்டது. தையல் மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டாள்.

மறுபடி விதைக்கலாமா என்று உங்களைக் கேட்பாள். அந்தப் பூஞ்சை பல வருஷம் மண்ணில் உயிரோடு கிடக்கும் என்று அன்று என்னிடம் சொன்னீர்களே, அதை மட்டும் சொல்லுங்கள். மற்றதைக் கேட்டால் பெண் தாங்க மாட்டாள். அவள் மனம் நோகும்படி நான் இதுவரை எதுவும் செய்ததில்லை, சார்.