பெயின்ட் அடித்தது வெல்டர் அல்ல

நான் பொதுவாகப் பிறர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவன் அல்ல. உங்கள் போலீஸ் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் ஒரு தவறு இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன். காகிதத்தைக் கொடுத்து எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். என் தம்பியின் மோட்டார் சைக்கிளில் அரைகுறை வெல்டிங்கைப் பட்டி வைத்து, பெயின்ட் அடித்து மறைத்தது வெல்டர் என்று போட்டிருக்கிறீர்கள். அந்த மனிதருக்குத் தன் வீட்டுக் கேட்டுக்கே ஒழுங்காகப் பெயின்ட் அடிக்கத் தெரியாது. போய்ப் பாருங்கள், சொட்டுச் சொட்டாக வழிந்து காய்ந்திருக்கும்.

இருபத்திரண்டு வருடங்களாகப் பழைய வண்டிக் கண்காட்சிகளில் நான் நடுவர். போல்ட்டின் தலையைப் பார்த்தே வருடம் சொல்வேன். பெட்ரோல் மூடி வேறு வண்டியுடையது என்று ஒருவருக்கு மூன்று மதிப்பெண் குறைத்தேன், அழுதுவிட்டார். அழுதால் மூடி மாறிவிடுமா? என் மனைவி புதுச் செருப்பு வாங்கினால்கூட என் கண்ணில் படாமல்தான் போட்டுக்கொள்வாள்.

வண்டி அப்பாவுடையது. என்னைவிட இரண்டு வயது மூத்தது. ஒரு திருகுகூட மாறாதது. அதை அவர் தம்பிக்குக் கொடுத்தார். "நீ துணி போட்டு மூடி வச்சிடுவே. அவன் ஓட்டுவான்" என்றார். வயதானவர், மன்னித்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி கூப்பிட்டான். போனால், வண்டிக்குப் பின்பாதி இல்லை. பின்சக்கரத்தைத் தாங்கும் சேஸிஸ் குழாய்களை கிரைண்டரால் அறுத்து, பழைய இரும்போடு போட்டிருந்தான்.

"என்னண்ணா, பொணத்தப் பாக்கற மாதிரி பாக்கறே? ஒத்த சீட்டு, தாழ்ந்த வாலு. ரோட்டுல போனா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

"வெட்டினது வெட்டினதுதான்டா. இனிமே அது அந்த வண்டி இல்ல."

"இங்கயும் மார்க்கு போட வந்துட்டியா? எனக்கு நீ முட்டையே போட்டுக்கோ."

அவன் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். பெயின்டைச் சுரண்டலாம், டேங்க்கை மாற்றலாம், என்ஜினைக்கூடக் கடைந்து புதிதாக்கலாம். சேஸிஸை அறுத்தால் அறுத்ததுதான். இதை நான் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். அவன் ஒன்றுக்கும் வந்ததில்லை.

புது வாலை வெல்டர் உடனே முழுதாகப் பற்றவைக்கவில்லை. அந்த வேலையின் முறையே அதுதான். முதலில் நான்கு இடத்தில் பொட்டு வைத்தாற்போல் ஒட்டுவார்கள். சக்கரம் நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் குழாயைச் சுற்றி முழு வெல்டிங். தம்பி வெளியூர் போகவேண்டியிருந்ததால், நேர் பார்க்கும் பொறுப்பை என்னிடம் விட்டான். "உனக்குத்தான் நூல் பிடிச்ச மாதிரி கண்ணு" என்றான். அவன் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

வெல்டர் தெளிவாகச் சொன்னார். "இது சும்மா நிக்கறதுக்குத்தான் சார். தள்ளிக்கிட்டே போங்க. பாத்துட்டுத் திங்கக்கிழமை கொண்டாந்துடுங்க, முழுசா அடிச்சுடறேன். யாரும் ஏறி உக்காந்துடாதீங்க."

பார்த்தேன். சக்கரம் நேராகத்தான் இருந்தது. திங்கட்கிழமை நான் போகவில்லை. வேலை முடிந்துவிட்டது என்று தம்பிக்குப் போனில் சொன்னேன்; வெல்டரிடம், தம்பி வந்ததும் அவனே கொண்டுவருவான் என்றேன். பிறகு மூன்று நாள் அந்த இணைப்புகளோடு உட்கார்ந்தேன். பட்டி வைத்தேன். முழு வெல்டிங்கில் மீன் செதில் மாதிரி வரி வரியாக வருமே, அதைப் பட்டியிலேயே ஊசியால் இழுத்தேன். மேலே இரண்டு கோட் கறுப்பு. பட்டி வைத்த வண்டிக்கு நான் மதிப்பெண் போட்டதே இல்லை. அன்று போட்டிருப்பேன்.

ஊரிலிருந்து வந்தவன் இணைப்பை விரலால் தடவிப் பார்த்தான். "நீ என்மேல கோவமா இருக்கேன்னுல்ல நெனச்சேன். நீயே பெயின்டும் அடிச்சியாண்ணா?" என்று தோளைக் கட்டிக்கொண்டான்.

மெதுவாகப் போ என்று சொன்னேன். அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

தெருமுனை வேகத்தடையிலேயே வால் கழன்று, நாலு பேர் பார்க்கத் தரையில் உட்காருவான், அந்த அவமானம் போதும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேனா என்று அழுத்திக் கேட்டால் தெரியாது. கறுப்பு அவ்வளவு நன்றாக வந்திருந்தது. வால் வேகத்தடையைத் தாங்கிவிட்டது. நெடுஞ்சாலை வரை தாங்கியது.

கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அடிபட்டதில் என் பெயின்ட் அவனுக்கு நினைவில்லை. வெல்டர் நான்கு மாதமாக உள்ளே இருக்கிறார். தான் முழு வெல்டிங் செய்யவே இல்லை, வண்டியை நான்தான் தள்ளிக்கொண்டு போனேன் என்று கத்துகிறாராம். கேட்பார் இல்லை. அவர் சொல்வது அத்தனையும் உண்மை. "அந்த ஆள விடாதண்ணா" என்று தம்பி தினமும் சொல்கிறான். சரி என்கிறேன்.

தம்பி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்கிறேன். ஊட்டுகிறேன், முகம் மழிக்கிறேன், நகம் வெட்டுகிறேன். முதுகில் ஒரு புண் கிடையாது. உங்கள் மருத்துவரை அனுப்பிப் பாருங்கள். இனி அவனால் எதையும் அறுக்க முடியாது என்பதைத் தவிர, அவனுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.